இத்தனூண்டு பொட்டுக்கு இவ்வளவு யோசனையா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது டெக்சாஸ்ல உக்காந்து எழுதற பதிவு. நம்மூர்ல லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959ஆம் வருச ஆயுதச் சட்டப்படி குற்றம். நைனார்பாளையத்துல யாரும் முயற்சி பண்ணிடாதீங்க. கல்வராயன் மலைப்பக்கம் நாட்டுத்துப்பாக்கி பறிமுதல்னு அப்பப்ப பேப்பர்ல வர்ற செய்தியே போதும் :-)

இங்க ரைஃபிளுக்குத் தோட்டாவை வீட்டுலயே அடைச்சுக்கறது ஒரு பொழுதுபோக்கு. பித்தளைக் கூடு, மருந்து, குண்டு, அப்புறம் அடியில ஒரு பொட்டு. அதுதான் பிரைமர். தீபாவளிக்கு நாம வெடிச்ச பொட்டு கேப்போட பெரியண்ணன்னு வச்சுக்குங்க. துப்பாக்கி ஊசி போய் இடிச்சதும் இது பத்திக்கும், அந்தத் தீ உள்ள போய் மருந்தைப் பத்த வைக்கும்.

இதுல ரெண்டு ஜாதி. சாதா, மேக்னம். சிசிஐ கம்பெனியில 200ன்னா சாதா, 250ன்னா மேக்னம். ஃபெடரல்ல 210, 215. ரெண்டும் ஒரே அளவு, 0.210 அங்குலம். ஒரே குழியில அழகா உக்காரும். வில்லங்கமே அங்கதான்.

2021ல இங்க கடைகள்ல பிரைமர் பஞ்சம். சாதா கிடைக்கவே இல்லை, மேக்னம் ஒரு டப்பா மாட்டுச்சு. கூட சுடற நண்பர், "பொட்டுதானே, மாத்திப் போடுங்க"ன்னார். ஊருக்குப் போன் போட்டப்ப அப்பாவும், "என்னடா தம்பி, இத்தனூண்டு பொட்டுக்கு இவ்வளவு யோசனையா?"ன்னார்.

அப்பாவுக்கு அடுப்பை வச்சுதான் சொன்னேன். காஞ்ச மக்காச்சோளத் தட்டைக்கு ஒரு தீக்குச்சி போதும். ஈரப் புளியங்கட்டைன்னா மண்ணெண்ணெய்த் துணி வேணும். அதே துணியைத் தட்டையில போட்டா புருவம் கருகிடும் இல்லையா?

கதை அதேதான். தேர்ட்டி ஆட் சிக்ஸ் தோட்டாவுல மருந்து சுமார் 50 கிரெயின், அதாவது 3.2 கிராம். பல மருந்துக்கு சாதாவே தாராளம். 300 வின்செஸ்டர் மேக்னம்ல 70 கிரெயினுக்கு மேல போகும். அவ்வளவு மருந்தையும் சீரா பத்த வைக்க நீண்ட, சூடான தீ வேணும். உருண்டை மருந்து மேல பூச்சு இருக்கறதால அதுவும் சீக்கிரம் பத்தாது. கடுங்குளிர்ல இன்னும் அடம் பிடிக்கும். மேக்னம் இதுக்கெல்லாம்தான்.

அளவு பார்த்து சாதாவுக்குன்னு உச்சத்துல அடைச்ச தோட்டாவுல பொட்டை மட்டும் மாத்தினா அழுத்தம் ஏறலாம். தேர்ட்டி ஆட் சிக்ஸுக்கு அமெரிக்காவுல வச்சிருக்கற உச்சவரம்பு 60,000 பிஎஸ்ஐ. கார் டயர்ல நாம அடிக்கறது 32. கிட்டத்தட்ட 1,900 மடங்கு! அது வெடிக்கற இடத்துக்குப் பக்கத்துலயேதான் நம்ம கன்னம் இருக்கு.

அந்த நண்பர் தன்னோட பழைய அளவுலயே மேக்னம் போட்டுச் சுட்டார். மூணாவது தோட்டாவுல கூடு சிக்கிக்கிச்சு. போல்ட்டை உள்ளங்கையால தட்டித்தான் திறந்தார். கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை, அதுவரைக்கும் புண்ணியம். அன்னைக்கு அவர் அதிகம் பேசலை.

நான் மேக்னத்தை வாங்கினேன். ஆனா பழைய அளவைத் தூக்கிப் போட்டுட்டு, மேக்னம் பிரைமர் வச்சே சோதிச்ச அளவைக் கையேட்டுல தேடினேன். அதுல போட்டிருந்த ஆரம்ப அளவுலேர்ந்து கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, ஒவ்வொரு கூடா பார்த்தேன். ரெண்டு சனிக்கிழமை போச்சு. போகட்டுமே.

பொருள் ஒண்ணு மாறினாலும் அது புதுத் தோட்டா. 'சூடு ஜாஸ்தின்னா நல்லது'ங்கற கணக்கு இங்க செல்லாது. எந்த மருந்து, எவ்வளவு, எந்தக் குளிர்னு பார்த்துதான் பொட்டு.

அப்பா கடைசியா கேட்டது இதுதான்: "அப்ப அந்தச் சாதாப் பொட்டு வர்றவரைக்கும் சும்மா இருந்தாத்தான் என்ன?"

அதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்லை :-)