கன்று குடித்த பால்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எங்கள் ஊர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், அம்மா விடியற்காலையில் பால் ஊற்றுகிற சங்கத்தில் இரண்டும். ஊற்றியதும் கையில் ஒரு சீட்டு வரும்: லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சுகிற புரதம், சர்க்கரை, உப்புகள்தான் எஸ்.என்.எஃப். விலையை முடிவு செய்வது கொழுப்பும் அதுவும்தான். அம்மா சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்பாள்.

வேதியியல் முடித்த கையோடு கெமோமெட்ரிக்ஸ் படிக்கத் தொடங்கினேன். சோதனைகள் கொட்டுகிற எண்களைக் கணிதம் கொண்டு படிக்கிற துறை. 1970-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஸ்வாந்தே வோல்ட் இட்ட பெயர். மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும். மூன்று மாதம் படமாகப் போட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம்தான் கம்பி கண்ணில் பட்டது.

அறுபது சீட்டுகள். கிராஃப் தாளில் கிடையாகக் கொழுப்பு, செங்குத்தாக எஸ்.என்.எஃப், ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. கை வலிக்க வைத்து முடித்தபோது புள்ளிகள் சாய்த்துப் போட்ட வெள்ளரிக்காய் மாதிரி கிடந்தன. எங்களுக்குக் கறவை இரண்டு. ஜெர்ஸிக் கலப்பின் பால் கெட்டி, மற்றதன் பால் சன்னம். எது கூடுதலாகக் கறந்ததோ அதற்கேற்ப இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கின்றன. வெள்ளரிக்காயின் நீளவாக்கில் ஓடுகிற கோடுதான் முதன்மைக் கூறு. 1901-ல் கார்ல் பியர்சன் எழுதியதை அன்றைக்குத்தான் விரலால் தொட்டேன். அகச்சிவப்புக் கருவி ஒரு துளிப் பாலுக்கு நூற்றுக்கணக்கில் எண்களைத் தரும். அங்கேயும் தேடுவது இப்படிப்பட்ட கோட்டைத்தான், தாளில் வரைய இடம் போதாது, அவ்வளவே.

ஒரு புள்ளி மட்டும் தனியே நின்றது. கொழுப்பு 3.4, எஸ்.என்.எஃப் 8.8. 3.4 வேறு நாட்களிலும் உண்டு, 8.8-உம் உண்டு. இரண்டும் ஒரே சீட்டில் வந்தது அன்றைக்கு மட்டும்தான். கூட்டத்தின் வடிவத்தையும் கணக்கில் எடுத்துத் தூரம் அளக்க வேண்டும் என்று 1936-ல் கல்கத்தாவில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் காட்டியது இதைத்தான். பால் சோதனைக்கு இது உயிர்நாடி. ஆடையை எடுத்தால், பாலின் அடர்த்தியை அளக்கிற லாக்டோமீட்டர் உயரும். பிறகு அளவாகத் தண்ணீர் விட்டால் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஒற்றை எண் ஏமாந்துபோகும். ஓணம் நெருங்கும்போது தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வருகிற பால் வண்டிகளைப் பாறசாலையில் நிறுத்திச் சோதிக்கிறார்களே, அங்கேயும் ஒற்றை எண்ணை நம்பினால் தீர்ந்தது.

தண்ணீர் சேர்ந்திருந்தால் இரண்டு எண்ணும் இறங்கியிருக்கும். இங்கே கொழுப்பு மட்டும் இறங்கியிருக்கிறது. பாடப்புத்தகத்தின்படி இது ஆடை எடுத்த பால். எங்கள் வீட்டுப் பாலா? இரவெல்லாம் அந்தப் புள்ளி உறுத்தியது. இந்தப் புள்ளி வேறு மாதிரி என்பதோடு கணக்கு நின்றுவிடுகிறது. ஏன் என்பது தாளில் இல்லை. காலையில் சீட்டின் தேதியை அம்மாவிடம் சொன்னேன்.

“அன்னைக்குக் கன்னுக்குட்டிக்குச் சொகமில்ல மக்களே. கடைசிப் பாலக் கறக்காம அதுக்கே விட்டேன்.”

மடியில் முதலில் இறங்குவது சன்னமான பால். கொழுப்பு கடைசியில்தான் வரும். அதைக் கன்று குடித்துவிட்டது. விலையில் சில ரூபாய் குறைந்ததும் அம்மாவுக்கு நினைவிருந்தது.

புள்ளியின் பக்கத்தில் பென்சிலால் ‘கன்று’ என்று எழுதிவைத்தேன்.