கடைசிப் பொத்தான்

மார்கழிக் கடைசியில் ஒரு நாள். காபி குடித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தேன். பேத்தி இரண்டு தாள்களை நீட்டினாள். "தாத்தா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன். அமெரிக்கா யுனிவர்சிட்டிக்கு அனுப்பணும்."

சைக்காலஜி படித்தவள். அடையாறில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் இரண்டு வருடமாக வேலை. இப்போது அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ் என்ற படிப்பில் மாஸ்டர்ஸ் பண்ண ஆசை. சுருக்கமாக ஏ.பி.ஏ. என்கிறார்கள். ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம்.

படித்தேன். இங்கிலீஷ் அழகாக இருந்தது. ஆர்வம், சேவை, கனவு எல்லாம் இருந்தன. முப்பது வருஷம் பாங்கில் கடன் மனுக்களைப் படித்தவன் நான். "எல்லாம் சரி, ஜாமீன் எங்கே? இதை யார் வேணா எழுதலாமே" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

"அப்படி என்னதான் படிப்பு அது?" என்று கேட்டேன். குழந்தை ஒன்றைச் செய்கிறது என்றால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் அதற்கு என்ன கிடைத்தது என்று கவனித்து எழுத வேண்டும். அந்த முன்னையும் பின்னையும் மாற்றினால் நடத்தை மாறும். பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படியாக உடைத்துச் சொல்லித்தர வேண்டும். ஸ்கின்னர் வழி வந்த இந்தத் துறைக்கு 1968-லேயே தனி ஆய்விதழ் வந்துவிட்டதாம்.

அப்போதுதான் கிட்டுவின் நினைவு வந்தது.

கிட்டு என் தம்பி. பேத்தி அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. சித்திரக்குளம் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம். கிட்டு பேச மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். பங்குனியில் அறுபத்து மூவர் கூட்டமும் மேளச் சத்தமும் வந்தால் அலறுவான். கதவைச் சாத்திப் பின்கட்டில் வைத்துவிடுவோம். டாக்டர் மூளை வளர்ச்சி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆட்டிசத்தைப் பற்றி லியோ கானர் 1943-லேயே எழுதிவிட்டார் என்பது எங்கள் தெருவுக்கு எப்படித் தெரியும்?

கோபம் வந்தால் சுவரில் தலையை மோதிக்கொள்வான். அம்மா பதறிப்போய் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போடுவாள். உடனே அடங்கிவிடுவான்.

பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, மோதினா வெல்லம் கிடைக்கும்னு அவர் கத்துண்டுட்டார்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவைக் குறை சொல்கிறாளோ என்று கோபம்கூட வந்தது. "உன் கொள்ளுப்பாட்டிதான் அவனுக்குச் சட்டை போடவும் கத்துக்கொடுத்தா, தெரியுமா?" என்றேன். அம்மா எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவனுக்கு விட்டுவைப்பாள். அவன் அதைப் போட்டதும் தட்டிக்கொடுப்பாள். பல நாள் கழித்துக் கடைசி இரண்டு. அப்புறம் மூன்று. ஒரு வருஷத்தில் முழுச் சட்டையும் அவனே போட்டுக்கொண்டான்.

பேத்தி எழுந்து உட்கார்ந்தாள். "தாத்தா, இதுக்கு எங்க புஸ்தகத்துல ஒரு சாப்டரே இருக்கு! கடைசிப் படியிலேர்ந்து பின்னாடி போறது."

"விரலை ஆட்டறதை நிறுத்துவேளா?" என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. 1987-ல் லோவாஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னாள். வாரம் 40 மணி நேரம் பயிற்சி. 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பைத் தேறினார்களாம். ஆனால் அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. அப்படிப் பயிற்சி பெற்று வளர்ந்தவர்களில் பலர் இன்று, 'எங்களை வேறு யாரோவாக மாற்றப் பார்த்தீர்கள்' என்கிறார்கள். "விரலை ஆட்டினா யாருக்கு என்ன கஷ்டம்? நான் நிறுத்த மாட்டேன். தலையை மோதறதைத்தான் நிறுத்தணும்" என்றாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாஸ்டர்ஸ் முடித்து, மேற்பார்வையில் 2000 மணி நேரம் வரை வேலை பார்த்து, பரீட்சை எழுதினால்தான் அமெரிக்க வாரியத்தின் சான்றிதழ். 2023 முதல் அமெரிக்கா, கனடா என்று ஒருசில நாடுகளில் வசிப்பவர்களுக்கே அதைத் தருகிறார்கள். நம் ஊரிலோ 1992-ம் வருஷத்து மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தில் சிறப்பு ஆசிரியர், மறுவாழ்வு உளவியலாளர் எல்லாம் உண்டு; இந்தப் படிப்புக்குத் தனிப்பெயர் இல்லை. இவ்வளவு செலவு செய்து போய்விட்டுத் திரும்பி வந்தால் என்ன மதிப்பு என்று என் பிள்ளை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறதே, அங்கே சிறப்புக் கல்வி படிக்கலாமே என்கிறான். அதற்கும் மனுப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அன்று ராத்திரி கேட்டாள்: "தாத்தா, கிட்டு தாத்தாவைப் பத்தி எழுதட்டுமா?"

என்னால் சட்டென்று சரி சொல்ல முடியவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று கிட்டுவை மாம்பலத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தோம். பெண்ணின் அப்பா கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். "ஒரு அக்கா மட்டும்" என்றேன். என் வாயால் சொன்னது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் என் மனைவிக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிட்டுவுக்குச் சாதம் பிசைந்து கொடுத்தாள். 35 வயதில் ஜுரத்தில் போய்விட்டான். பிறகு அவன் பெயரை நாங்கள் எடுக்கவில்லை.

அதையும் பேத்தியிடம் சொன்னேன். "எழுது. பேரைப் போட்டே எழுது" என்றேன்.

புதுக் கட்டுரை கடைசிப் பொத்தானில் ஆரம்பிக்கிறது. இந்தத் தடவை நான் ஒரு கமாவைத் தவிர வேறு எதையும் திருத்தவில்லை.

தை பிறந்ததும் அனுப்பிவிட்டாள். பதில் பங்குனிக்குள் வந்துவிடுமாம்.