‘பாதிப்பு இல்லை’ என்று எழுதினேன்

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்துக்கு உலக வங்கி தந்த கடனைப் பற்றி, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் விசாரித்து எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பு என்ற பகுதியில் ‘இல்லை’ என்று எழுதினேன். வயலில் இறங்கிப் பார்க்காமலே எழுதினேன்.

2019 ஜூனில் கையெழுத்தான அந்தக் கடன் 25 கோடி டாலர். அணை, பாலம் என்று குறிப்பிட்ட ஒரு கட்டுமானத்துக்கான பணம் அல்ல. ஆற்றுப்படுகைத் திட்டமிடல், பயிர்க் காப்பீடு, நில ஆவணங்களை ஒன்றாக்குதல் போன்றவற்றில் அரசு தன் கொள்கையைத் திருத்திக்கொள்ளத் தரும் கடன். கட்டுமானத் திட்டங்களுக்கு வங்கி வைத்திருக்கும் சுற்றுச்சூழல் விதிகள் இந்த வகைக் கடனைக் கட்டுப்படுத்தாது. சீர்திருத்தத்தால் காட்டுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் பெரிய விளைவு வருமா என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். வருமென்றால், அதைத் தடுக்க அரசிடம் என்ன ஏற்பாடு உண்டு என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. அந்தக் கணிப்பின் அடிமட்டத்தில்தான் நான் இருந்தேன். ஜேசிபி வராத இடத்தில் என்ன பாதிப்பு வந்துவிடும் என்று நினைத்தேன். குறை எழுதினால் அடுத்த வேலை கிடைக்காதோ என்ற பயமும் இருந்தது.

நில ஆவணத்தைப் பற்றியாவது நான் கேட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு துண்டு ‘நிலம்’ என்று பதிவாகியிருந்தால் அது நெல்வயல். ‘புரையிடம்’ என்றால் வீடு கட்டலாம். 2008 சட்டம் நெல்வயலைக் காத்தது. 2018 திருத்தமோ, டேட்டா பேங்க் என்ற நெல்வயல் பட்டியலில் சேராத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்ற வழி திறந்தது. பதிவேட்டில் எது எப்படி ஏறுகிறது என்பதில்தான் ஏலாவின், அதாவது நெல்வயல் வெளியின், உயிர் இருக்கிறது. எழுபதுகளில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த கேரளத்து நெல்வயல் இன்று இரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கிறது.

பின்னொரு மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனேன். ஏலாவின் ஓரத்தில் செம்மண் கொட்டி வாழை வைத்திருந்தார்கள். ஓடை மண்ணில் அடைபட்டு, தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றடிவரை ஏறி நின்றது. அந்த வீட்டுக்கார அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். “சாரே, அன்னைக்கு டீக்கடையில இருந்து எல்லாரையும் கேட்டியளே, இங்க வந்து ஒண்ணு பாத்திருக்கப்படாதா?”

அந்த மண் கடனால் வந்தது என்று நான் சொல்லவில்லை. வராது என்று எழுதுவதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

இன்னொன்றும் உண்டு, இதுதான் எனக்கு அதிக வெட்கம். ஆற்றுப்படுகைத் திட்டமிடல் என்றால் நெய்யாறும் அதில் வரும். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் தமிழ்நாட்டின் விளவங்கோடு பக்கம் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தந்தது. 2004-இல் அது நின்றது. 2012-இல் அந்தத் தண்ணீருக்காகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. களியக்காவிளையைத் தாண்டினால் அந்த விவசாயிகள் இருக்கிறார்கள். தமிழ் பேசும் நான் அவர்களில் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. மாநில எல்லையோடு என் வேலை முடிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

இப்படி விசாரிக்க உங்கள் ஊருக்கும் யாராவது வருவார்கள். டீக்கடையில் பேசி அனுப்பிவிடாதீர்கள். ஏலாவுக்கும் கால்வாய்க்கும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன எழுதினார் என்று பிறகு கேட்டு வாங்கிப் படியுங்கள்.