சீப்பும் கையுறையும்

ஐப்பசி மழையில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். பங்குனியில் துள்ளி வந்து ஒட்டிய துணுக்கு அசையாமல் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தச் சங்கதி என் பிழைப்பிலும் வந்து நிற்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

சென்னையில், குழந்தையின்மைச் சிகிச்சை லேபில் எம்பிரியாலஜிஸ்டாக இருக்கிறேன். விந்து சாம்பிளிலிருந்து தேறும் அணுக்களைப் பிரித்தெடுப்பது அன்றாட வேலை. நீந்தி மேலே வருவதை அள்ளுவது ஒரு வழி. அடர்த்தி வேறுபட்ட திரவ அடுக்குகளில் சுழற்றி, அடியில் சேர்வதை எடுப்பது இன்னொரு வழி. முதலாவது அணுவின் ஓட்டத்தைப் பார்க்கிறது, இரண்டாவது அடர்த்தியைப் பார்க்கிறது. அணு எந்த வழியாக வந்தது என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

விதையில் உருவாகும் விந்தணு அப்போதே தயாராகிவிடுவதில்லை. விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்ற குழாயை அது கடக்க வேண்டும். பிரித்து நீட்டினால் அது சுமார் 6 மீட்டர் வரும். அந்தப் பயணத்தில்தான் சயாலிக் அமிலம் கொண்ட சர்க்கரைப் புரதங்கள் அணுவின் மேல் படிகின்றன. அவற்றால் அதற்கு எதிர்மின்னூட்டம் ஏறுகிறது. முதிர்ந்த அணுவில் மைனஸ் 16 முதல் மைனஸ் 20 மில்லிவோல்ட் வரை. வழி முழுக்க நடந்து வந்ததற்கு உடம்பு குத்திய முத்திரை மாதிரி.

அந்த முத்திரையைப் பிடிக்க, அமெரிக்காவில் சானும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஸீட்டா முறைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கழுவிய விந்தணுக்களைச் சீரம் சேர்க்காத மீடியத்தில் கலந்து ட்யூபில் ஊற்றுவோம். ட்யூபை மூடிவரை லேடெக்ஸ் கையுறைக்குள் விட்டு, மூடியைப் பிடித்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சட்டென்று உருவி எடுப்போம். உரசலில் ட்யூபுக்கு நேர்மின்னூட்டம் ஏறும். ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தால் முதிர்ந்த அணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மெதுவாகச் சென்ட்ரிபியூஜில் சுழற்றியபின் திரவத்தைக் கொட்டிவிட்டு, சீரம் கலந்த மீடியத்தால் சுவரை அலசினால் ஒட்டியவை கழன்று வரும். சீரத்தை முன்பே சேர்த்தால் ஒட்டவே ஒட்டாது.

கற்றுக்கொண்ட புதிதில் ஒரு மழை நாள். அந்தச் சின்ன லேபில் ஏசி இருந்தது, காற்றின் ஈரத்தை இறக்கும் கருவி இல்லை. சுவரை அலசிய துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒன்றிரண்டு அணுக்கள்தான். கொட்டிவைத்த திரவத்தைப் பார்த்தேன். அத்தனையும் அங்கே ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தன. நல்லவேளை, அது பயிற்சி சாம்பிள். அன்றிலிருந்து உடை மாற்றும் அறையில் சீப்புச் சோதனை செய்யாமல் கையுறையைத் தொடுவதில்லை. கொட்டிய திரவத்தையும் உடனே எறிவதில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் ஜான் ஐட்கன் குழு இதையே மின்னோட்டத்தால் செய்துகாட்டியது. 2005இல் அவர்கள் வெளியிட்ட கருவியில், விந்தணுக்கள் நேர்மின்முனையை நோக்கி 5 மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வின் வழியே போகும். வெள்ளணுக்கள் பெரியவை, இந்தப் பக்கமே நின்றுவிடும். சில நிமிட வேலை. அப்படிப் பிரித்த அணுவால் பிறந்த குழந்தையைப் பற்றி 2007இல் எழுதினார்கள்.

"ஏம்மா, இந்தக் கரண்ட்ல ஆம்பளப் புள்ளைக்கு உள்ளத மட்டும் எடுத்துத் தர முடியாதா?" என்று ஒரு மாமியார் கேட்டார். 1930களில் ரஷ்யாவில் கோல்ட்சோவும் ஷ்ரோடரும் முயல் விந்தில் மின்சாரம் செலுத்தி அப்படிப் பிரித்ததாகச் சொன்னார்கள். பிறகு வந்தவர்களுக்கு அது நம்பும்படி அமையவில்லை. அவரிடம் அந்தக் கதையெல்லாம் பேசவில்லை. "இதுல அது பிரியாதுங்கம்மா. பிரிச்சாலும் நம்ம நாட்டுச் சட்டப்படி குத்தம்" என்றேன். முகம் சுளித்துக்கொண்டே போனார்.

மின்னூட்டம் உள்ள அணுக்களில் டிஎன்ஏ சிதைவு குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தை பிறப்பதை அது கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. கேட்பவர்களிடம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

சில ஆண்களுக்கு விந்தில் அணுவே இருக்காது. விதையிலிருந்தே திசு எடுத்துத் தேட வேண்டும். அப்படிக் கிடைப்பவை அந்த 6 மீட்டரை நடக்காதவை, முத்திரை விழாதவை. ட்யூபை எத்தனை உரசினாலும் ஒட்டமாட்டா. மணிக்கணக்கில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, லேசாக வால் ஆட்டும் ஒன்றை ஊசிமுனையில் பிடித்து முட்டைக்குள் செலுத்துவோம். அந்த நாட்களில் சீப்புச் சோதனை கிடையாது. கையுறை கையில் இருப்பதோடு சரி.