மூடியில் இருந்த சின்னத் திருகு

கோவைக்கு வந்து மகன் வீட்டோடு இருக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இங்கே மோட்டார் என்றால் கிணற்று மோட்டார்தான். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடு மின்மோட்டார் செய்த ஊர் அல்லவா, தெருவுக்கு ஒரு மோட்டார் வைத்தியர் இருப்பார். எங்கள் தெருவில் இருப்பவர், காயில் கட்டும் பட்டறை நடத்தி ஓய்ந்த நண்பர்.

போன வாரம் அவருடைய தோட்டத்துக்குப் போயிருந்தோம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. "காத்துப் புடிச்சிருக்குங்க சார்" என்றார். உறிஞ்சு குழாயின் ஒரு இணைப்பில் கசிவு. அதை இறுக்கிவிட்டு, குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். பத்து நிமிடத்தில் தொட்டியில் தண்ணீர் கொட்டியது.

"காத்து உள்ள போனா மோட்டார் கதை முடிஞ்சுதுங்க" என்றார்.

"போகாவிட்டாலும் முடிந்ததுதான்" என்று என் வாயில் வந்துவிட்டது. எப்படி என்று கேட்டார். முப்பது வருடங்களுக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

1992 ஜூன் மாதம், காரைக்கால். நாட்டுப் படகுகளில் மோட்டார் பொருத்த அரசு மானியம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் கோப்புகளைப் பார்த்த குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். நூற்றுக்கணக்கான மோட்டார்களின் எண்களை எழுதியிருக்கிறேன், ஒன்றையாவது தொட்டதில்லை. பழக்கமான மீனவர் ஒருவர், "ஒரு நாள் வந்துதான் பாருங்களேன் சார்" என்று கூப்பிட்டார். விடியற்காலையில் அரசலாற்று முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் போனோம். அவர், நான், கையாளாகப் பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன்.

அந்த மோட்டார் பெட்ரோலில் கிளம்பும். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் டாங்கி என் காலடியில் இருந்தது. அலையில் அதன் மூடியிலிருந்து எண்ணெய் தெறித்து என் வேட்டியில் பட்டது. பார்த்தால், மூடியின் நடுவே ஒரு சின்னத் திருகு தளர்ந்திருந்தது. திறந்து கிடப்பதை மூடுவது ஆபீஸ் பழக்கம். இறுக்கிவிட்டேன்.

சற்று நேரத்தில் மோட்டார் இருமியது, நின்றது. கரை நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால். தரையிலிருந்து மேல்காற்று, எங்களை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சில் வண்டி நின்றுபோனால் 'ஆன் பான்' என்பார்கள். அது முதலில் பாய்மரக் கப்பல்காரர்களின் சொல், கப்பலை நகராமல் நிறுத்துவது என்று பள்ளியில் படித்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. படிப்பு அதற்குத்தான் உதவியது.

மீனவர் பதறவில்லை. முதலில் நங்கூரம் போட்டார். மோட்டாரைத் தூக்கி, விசிறியில் வலை சுற்றியிருக்கிறதா பார்த்தார். இல்லை. பெட்ரோலுக்கு மாற்றிக் கயிற்றை இழுத்தார். உடனே பிடித்தது. பின்னால் தண்ணீரும் சரியாகப் பீச்சியது. அப்படியானால் பிளக்கில் கோளாறு இல்லை, சூடும் ஏறவில்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றினார், மறுபடி நின்றது. பெட்ரோலோ கிளப்புவதற்கு மட்டும் வைத்திருக்கும் கொஞ்சம், கரைவரை காணாது. குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் குமிழைத் தொட்டார். சப்பையாக ஒட்டிக்கிடந்தது. நேராக டாங்கி மூடிக்கு வந்து திருகைத் தளர்த்தினார். 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எண்ணெய் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வழியை அடைத்தால் டாங்கி எண்ணெயை விடாது. கிணற்று மோட்டாருக்கு நேர் எதிர்.

"யாருடா மூடியத் திருகுனது?" என்று திரும்பியவர் பையனின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். "நான் இல்லண்ணே" என்றான். இன்னொன்று விழுந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் செய்ததை அவன் பார்த்திருக்கிறான். நான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீனவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சொல்லவில்லை. அவனும் காட்டிக்கொடுக்கவில்லை. கரையேறும்போது என் செருப்பை எடுத்துக் கொடுத்தான்.

பிறகு வேறு ஊருக்கு மாற்றலானேன். 2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கரையையும் அடித்துக்கொண்டு போனது. அந்தக் குப்பத்தைப் பற்றி விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. விசாரிக்காதவரை அவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்து வைத்தார். "இப்பவும் போய்ச் சொல்லலாமுங்க சார். ஊரு அங்கயேதானுங்க இருக்குது" என்றார்.

மகனிடம் காரைக்காலுக்கு ஒரு ரயில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். இந்த வயதில் அங்கே என்ன வேலை என்று கேட்டான். மோட்டார் ரிப்பேர் என்றேன்.