கப்பல் போகிறது, வண்டி நிற்கிறது

இங்கிலாந்தின் பிளிமத் நகரிலிருந்து பிரான்சுக்குக் கப்பலில் ஆறு மணி நேரம்தான். வீட்டில் முதிய தாய் இருந்தால் அது மிக நீண்ட தூரம்.

பிளிமத் நகரின் கடலோர மேட்டுக்கு ஹோ என்று பெயர். அகன்ற புல்வெளி, அதில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய பழைய கலங்கரை விளக்கம், கீழே சாம்பல் நிறக் கடல். 1588-ல் ஸ்பெயினின் கப்பற்படை வருகிறது என்று கேள்விப்பட்டும் பிரான்சிஸ் டிரேக் பதறாமல் இங்கே பந்து உருட்டி ஆடிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, இன்று ஹோவில் நிற்பவர்கள் பார்ப்பது பயணிக் கப்பலைத்தான். மில்பே துறையிலிருந்து கிளம்பி, டிரேக் தீவை ஒட்டி வளைந்து, அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, பிரான்சின் ராஸ்காஃப் ஊரை நோக்கி அது போகும். அதன் வயிற்றுக்குள் லாரிகள், கார்கள், கூடவே மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டிகள்.

நாயை உலாத்த வரும் ஒருவர் அந்தக் கப்பல் சுவரைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். வயது 68. ஓய்வு பெற்ற பொறியாளர். அவருடைய மனைவி ஹோவுக்கு வருவதில்லை. கப்பலைப் பார்த்தால் மனம் கெட்டுவிடுகிறது என்று அவர் முதல் ஆண்டே நிறுத்திவிட்டார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அவர்கள் வீட்டு வாசலில், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை வண்டி நிற்கிறது. அதற்குள் இரண்டு பேர் படுக்கக் கட்டில், எரிவாயு அடுப்பு, சின்னக் குளிர்பதனப் பெட்டி, குளியலறை என ஒரு குடித்தனத்துக்கு வேண்டியதெல்லாம் உண்டு. மாடியில் மனைவியின் தாய். வயது 91. நினைவு தப்பிப்போய்க்கொண்டிருக்கிறது.

வண்டியையே வீடாக்கிக்கொண்டு போவது நமக்கு அறியாத சங்கதியல்ல. சமையல்காரர், அரிசி மூட்டை, அண்டா குண்டா சகிதம் காசிக்குப் புறப்படும் யாத்திரை பஸ்ஸைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் புண்ணியம், கோயில் என்ற காரணம் எதுவும் இல்லாமல், சும்மா போவதற்காகவே போவது ஆங்கிலேயரின் பழக்கம். 1885-ல் கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டலில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் சொல்லிச் செய்த குதிரை வண்டிக்கு 'வாண்டரர்' என்று பெயரிட்டு ஸ்காட்லாந்துவரை போனார். பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் அதுதான் என்பார்கள். பணியாள் ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய்ப் பாதை பார்த்துச் சொல்வாராம். 1907-லேயே கேரவன்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள்.

பிளிமத்துக்கும் ராஸ்காஃபுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது, வெங்காயத்தில் தொடங்கியது. ராஸ்காஃப் சுற்றுவட்டாரத்தில் விளையும் இளஞ்சிவப்பு வெங்காயத்தை 1828-ல் ஆன்ரி ஒலிவியே என்ற விவசாயி படகில் ஏற்றிப் பிளிமத்தில் கொண்டுவந்து விற்றார். அதன் பிறகு ஆண்டுதோறும் பிரெட்டன் விவசாயிகள் கடல் தாண்டி வந்து, வெங்காயச் சரங்களைத் தோளிலும் பிற்காலத்தில் சைக்கிளிலும் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்றார்கள். 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது, அதே வட்டாரத்து விவசாயிகள் காலிஃபிளவரும் கூனைப்பூவும் ஏற்றுமதி செய்யத் தாங்களே ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினார்கள். காய்கறி லாரிகளுக்காகத்தான் அந்தக் கப்பல். பயணிகள் தாங்களாகவே வந்து சேர்ந்துகொண்டார்கள். இன்று ஹோவிலிருந்து தெரியும் கப்பல் அந்தக் கம்பெனியுடையதுதான்.

தம்பதி இருவரும் ஓய்வு பெற்ற கையோடு வண்டியை வாங்கி, மூன்று குளிர்காலங்கள் அந்த வழியில் போனவர்கள். நவம்பரில் கிளம்பினால் வசந்தத்தில் திரும்புவார்கள். ராஸ்காஃபில் இறங்கியதும் முதல் வேலை ரொட்டி வாங்குவது. பிரெஞ்சுக் கிராமங்களில் நகராட்சியே வீட்டு வண்டிகளுக்கு இடம் ஒதுக்கி, தண்ணீர் பிடிக்கக் குழாயும் கழிவைக் கொட்ட வசதியும் செய்து வைத்திருக்கும். இரவு தங்கச் சில யூரோ, சில ஊர்களில் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட இடங்கள் மிகவும் குறைவு. வாகன நிறுத்துமிடங்களில் 'இரவு தங்கக் கூடாது' என்ற பலகைதான் வரவேற்கும். பிரான்சில் திராட்சைத் தோட்டக்காரர்களும் பால் பண்ணைக்காரர்களும்கூட தங்கள் நிலத்தில் ஒரு நாள் இலவசமாக நிறுத்த இடம் தரும் திட்டம் ஒன்று 1990-களிலிருந்து நடக்கிறது. வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு புட்டி ஒயினாவது வாங்காமல் யாரும் கிளம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

தெற்கே கார்னாக்கில் 3,000-க்கும் மேற்பட்ட கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். புதிய கற்கால மனிதர்கள் நட்டவை. எதற்காக என்று இன்றும் அடித்துச் சொல்ல ஆளில்லை. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்தன. இன்னும் தெற்கே அர்காஷோன் விரிகுடாவின் வாயில் பிலா மணல்மேடு, சுமார் 100 மீட்டர் உயரம். மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பைன் காடு. பிறகு ஸ்பெயின். மெரிடாவில் ரோமானியர் கட்டிய அரங்கு, பழைய நீர்ப்பாலத்தின் தூண் உச்சிகளில் நாரைக் கூடுகள். போர்ச்சுகலின் தென்மேற்குக் கரையில் அந்த நாரைகள் மரத்தையும் கோபுரத்தையும் விட்டுவிட்டு, அலை மோதும் செங்குத்துப் பாறைகளின் உச்சியில் கூடு கட்டும். கீழே கடல் கொந்தளிக்க, மேலே குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும் தாய். மனைவி இப்போதும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது இந்த நாரைகளைத்தான். ஊர்ப் பெயர்களைக் கணவர் சொல்வார்.

மூன்றாவது குளிர்காலம் பாதியில் முடிந்தது. 2020 மார்ச் 14-ல் ஸ்பெயின் கொரோனா நெருக்கடி நிலையை அறிவித்தபோது அவர்கள் போர்ச்சுகலின் அல்கார்வில் இருந்தார்கள். அடித்துப் பிடித்து வடக்கே ஓட்டி வந்து கப்பலேறினார்கள். ஊரடங்கு தளர்ந்த பிறகு கிளம்பலாம் என்றிருந்தபோது, 2021 இலையுதிர்காலத்தில் தாய் தன் வீட்டுக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து நேராக மகள் வீட்டு மாடிக்கு வந்தார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு.

மேல்நாட்டார் பெற்றோரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார்கள் என்று நம் நாட்டுக் கல்யாண வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் இல்லங்களில் இருந்தவர்கள் 2.5 சதவீதம்தான். சம்பளம் இல்லாமல் சொந்தக்காரர்களையோ வேண்டியவர்களையோ பராமரிப்பவர்கள் சுமார் 50 லட்சம். பாசம் ஒரு காரணம் என்றால் பணம் இன்னொன்று. இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து வைத்திருப்பவருக்குப் பராமரிப்புச் செலவில் அரசு பங்கு கொடுக்காது. இல்லங்களில் வாரக் கட்டணம் பல இடங்களில் ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. நம்மூர்ச் சித்தப்பாக்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

இந்தத் தம்பதி ஒரே ஒரு முறை முயன்று பார்த்தார்கள். 2023 ஜூனில் தாயை இரண்டு வாரத்துக்கு ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டுக் கப்பலேறினார்கள். நான்காம் நாள் கார்னாக்கில் இருக்கும்போது தொலைபேசி வந்தது. அம்மா சாப்பிடவில்லை, இரவெல்லாம் மகளைத் தேடி நடக்கிறார். மறுநாள் கற்களைத் திரும்பிப் பார்க்காமல் வடக்கே ஓட்டினார்கள். மகளைக் கண்டதும் தாய் கேட்டது, பள்ளிக்கூடம் விட்டு வர ஏன் இவ்வளவு நேரம் என்று. அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் இல்லாதபோது வழியும் மாறிவிட்டது. 2022 ஜூலையில் பிலா மணல்மேட்டின் அடிவாரக் காடு பற்றி எரிந்து ஐந்து முகாம்கள் சாம்பலாயின. அதில் ஒன்றில்தான் அவர்கள் இரண்டு ஆண்டு தங்கியிருந்தார்கள். தொலைக்காட்சியில் புகையைப் பார்த்துத்தான் இடத்தை அடையாளம் கண்டார்கள். போர்ச்சுகல் 2021-ல் சட்டத்தை இறுக்கி, பாதுகாக்கப்பட்ட கடலோரங்களில் கண்ட இடத்தில் இரவு நிறுத்துவதைத் தடுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் பிரெக்ஸிட். 2021-லிருந்து பிரிட்டிஷார் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஐந்து மாதக் குளிர்காலம் என்பதே முடிந்துபோன கதை. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் புகைப்படமும் பதிவு செய்யும் முறை வேறு தொடங்கியது. விசா வரிசையில் நின்றே வயதான இந்தியர்களுக்கு இதில் லேசான சிரிப்பு வந்தால் மன்னிக்கலாம்.

நிற்கும் வண்டிக்கும் செலவு உண்டு. ஓடாத டயர் ஒரே இடத்தில் தட்டையாகி, பக்கவாட்டில் வெடிப்பு விடும். பாட்டரி வடியும். பிளிமத் மழையில் கூரை இணைப்பு வழியாக ஈரம் இறங்கினால் உள்ளே மரச்சட்டம் சத்தமில்லாமல் அழுகும். காப்பீடு, வரி, ஆண்டுச் சோதனைச் சான்று தனி. கொரோனாவுக்குப் பிறகு பழைய வீட்டு வண்டிகளின் விலை எகிறியபோது, விற்றுவிடலாம் என்றார் கணவர். அவர் கணக்குப் போடுகிறவர். மனைவி ஒரே வார்த்தையில் முடியாது என்றார். அம்மா போன பிறகு கிளம்பலாம் என்று அவர் சொல்லவில்லை. அப்படி ஒரு வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. வண்டியை விற்க மறுப்பதே அந்த வாக்கியத்தைச் சொன்ன மாதிரி ஆகிறதே என்று அவருக்கே சில இரவுகளில் உறுத்தும்.

இன்னொரு கெடுவும் நெருங்குகிறது. வண்டியின் எடை 3,500 கிலோவுக்கு மேல். 1997-க்கு முன் உரிமம் பெற்றவர்கள் இதை ஓட்டலாம், ஆனால் 70 வயதோடு அந்த உரிமை முடியும். தொடர வேண்டுமானால் மருத்துவர் சோதித்துக் கையெழுத்திட்ட படிவம் வேண்டும், கண் பார்வைக்கான அளவுகோலும் கடுமை. கணவருக்கு ஒரு கண் மங்கல். மனைவிக்கு 65. இதுவரை பக்கத்து இருக்கையில் வரைபடம் பிடித்தவர், சென்ற வசந்தத்திலிருந்து தானே ஓட்டப் பழகுகிறார். டெவன் மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். அங்கே ஓட்டிப் பழகியவருக்கு ஸ்பெயின் நெடுஞ்சாலை பெரிதில்லை.

டயருக்காகவும் பாட்டரிக்காகவும் மாதம் ஒருமுறை வண்டியை வெளியே எடுத்தாக வேண்டும். அன்று மூவருமே போகிறார்கள். மனைவி ஸ்டியரிங்கில், தாய் முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு, கணவர் பின்னால். டார்ட்மூர் மேட்டுநிலத்தில் குட்டைக் குதிரைகள் மேயும் இடமாகப் பார்த்து நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போடுவார்கள். தாய் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்து, இது பிரான்சா என்று கேட்பார். மகள் சில நாள் ஆமாம் என்பார், சில நாள் டார்ட்மூர் அம்மா என்பார். எதைச் சொன்னாலும் கிழவிக்குத் திருப்திதான்.

நான்கு மணி மாத்திரைக்கு முன் வீடு திரும்ப வேண்டும். கணவர் முதலில் இறங்கி, கையை அசைத்து அசைத்து வண்டியை வாசலுக்குள் பின்னோக்கி விடச் சொல்வார். சக்கரம் போன மாதம் நின்ற தடத்தில் படாமல் ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு சுவரிலிருந்து மின் கம்பியை இழுத்துப் பாட்டரிக்குச் செருகிவிட்டு, நாய்க்குச் சங்கிலி மாட்டுவார். கப்பலுக்கு நேரமாகியிருக்கும்.