எது உசத்தி?

சேலத்தில் என் அக்கா வீட்டில் தீபாவளி தவறாமல் ஒரு சண்டை உண்டு. சம்பந்தி சண்டை அல்ல, இளையராஜா சண்டை! சினிமாவை விடுங்கள், அவருடைய தனி இசைத்தட்டுகளில் எது உசத்தி?

1986-ல் வந்த 'ஹௌ டு நேம் இட்'தான் என்பார் மாமா. தியாகராஜருக்கும் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பணமான தட்டு, அதில் வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்கு மேல் என்ன இருக்கிறது? நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் அவர் தம்பிக்கோ 1988-ன் 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் ஒலித்தால், ராத்திரி ராசிபுரம் சாலையில் வண்டி ஓட்டத் தூக்கமே வராதாம்! என் வோட்டு வயலினுக்கே.

போன தீபாவளிக்கு அக்கா பேசாமல் 2005-ன் திருவாசகத்தைப் போட்டாள். புடாபெஸ்ட் வாத்திய கோஷ்டி முழங்கிற்று. அம்மா கடைசி நாட்களில் கேட்டது அதைத்தான். இரண்டு கட்சியும் கப்சிப்.

அரைமணி கழித்து, "இருந்தாலும் அந்த வயலின்..." என்று மெதுவாகத் தொடங்கினார் மாமா.